ஆண் தேவைப்படாத குவளை

அன்புள்ள ஷரிபுதீன் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹாவில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க துஆ. நாங்களும் சுகம். உம்மா மட்டும் என்னோடு கதைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் மாமி முதலில் வாசிப்பா. அதனால் தபால்.

எங்கள் பந்தயத்துக்கு நீங்கள்தான் நடுவர். நினைவூட்டுகிறேன். என் ஆய்வு நீர்த்தெள்ளுகளைப் பற்றியது. புள்ளி அளவு உயிர்கள். ஒரு குவளையில் ஆணே இல்லாத இனம். தாய் தன்னைப்போலவே பெற்றுத் தள்ளும். மற்றதில் ஆணும் பெண்ணும். ஆணில்லாதவை இரண்டு மடங்கு வேகமாகப் பெருகின. பிறகு எதற்கு ஆண் என்று உம்மாவிடம் கேட்டேன். மூன்று மாதம் அந்தக் குவளை அழியாமல் இருந்தால் கலியாணப் பேச்சை நிறுத்துவதாக உம்மா ஒத்துக்கொண்டா.

என் விரிவுரையாளர் எச்சரித்தார். தின்கிற மீனும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வரும். இரையெல்லாம் ஒரே அச்சு என்றால் அதற்கு ஒரு தந்திரம் போதும் என்றார். மூன்று மாதத்துக்குள் என் குவளைக்கு எந்தப் புது வேட்டைக்காரர் வரப்போகிறார் என்று இருந்துவிட்டேன்.

வந்தார்கள். நிந்தவூரிலிருந்து, வேனில், அத்தர் பூசிக்கொண்டு.

பெருநாள் விடுமுறைக்கு ஆய்வுகூடத்தைப் பூட்டியதால் குவளைகளைக் கொண்டுவந்து, எனக்குச் சீதனமாகக் கட்டிய புது வீட்டின் குசினியில், உம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், அதே குசினியில் சர்பத்தில் புள்ளி புள்ளியாக மிதக்கிற கசகசா விதையை ஊறவைக்கும்படி உம்மா பக்கத்து வீட்டு சபூறா ராத்தாவிடம் சொன்னது எனக்குத் தெரியாது, ராத்தா மறந்துபோனது உம்மாவுக்குத் தெரியாது, மாப்பிள்ளை வீட்டார் வீட்டைச் சுற்றிப் பார்த்து மாபிள் தரையைத் தட்டிக்கொண்டிருக்க உம்மா குசினி லைட்டைப் போட்டிருக்கிறா, ஆணில்லாதவை எல்லாவற்றுக்கும் ஒரே புத்தி, ஒன்றாக வெளிச்சத்துக்கு மேலே வந்திருக்கின்றன, கசகசாத் தண்ணீர் என்று நினைத்து உம்மா சரித்து ஊற்ற ஒன்று மிச்சமில்லாமல் கிளாஸ்களுக்குள் போய்விட்டன, போதாமல் மற்றக் குவளையையும் சரித்திருக்கிறா, அதில் சில மேலே வர, சில அடிக்குப் போக, சில பாசியில் ஒட்டிக்கொள்ள, முப்பத்தொன்று தப்பின.

நான் உள்ளே வரும்போது மாப்பிள்ளையின் உம்மா இரண்டாவது கிளாஸில் இருந்தா. "கசகசா நல்லா ஊறி இரிக்கி," என்றா.

உம்மாவின் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு மாறாமல் உம்மா சொன்னா: "பேசாம இரி. குடிச்சி முடியட்டும்."

ஹராமா ஹலாலா என்று மௌலவியிடம் கேட்கவும் பயம். அன்று முதல் உம்மா நாளுக்கு மூன்று முறை நிந்தவூருக்குப் போன் எடுத்து வயிறு எப்படி என்று விசாரிக்கிறா. இவ்வளவு பாசமான சம்பந்தி எங்கே கிடைக்கும் என்று அவர்கள் முழுச் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

பந்தயம் முடிய ஒன்பது நாள் இருந்தது. உம்மா தான் வென்றதாகச் சொல்கிறா. பந்தயக்காரரே வேட்டைக்காரரானால் அது செல்லாது. தயவுசெய்து நிந்தவூருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளையின் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

அல்லாஹ் உங்கள் நெஞ்சை நீதியின் பக்கம் சாய்ப்பானாக. மாமிக்கு ஸலாம். இதைக் காட்டவேண்டாம்.

மருமகள்,
அம்ஹா
கல்முனைக்குடி

பி.கு: உறையை ஒட்டுமுன் மாப்பிள்ளை இஹ்ஸான் வந்தார். வாய்க்கால் மதகுகளைப் பார்க்கிற வேலை. கையில் எங்கள் கிளாஸ்.

"இனிப்பு வேணாமெண்டு பாணி விடாம வாங்கின. குடிக்கப் பாத்தா நீந்துது. நாலு நாளா வாய்க்கால் தண்ணி ஊத்தி வெச்சிரிக்கன். உம்மாக்கிட்டச் சொல்லயில்ல."

எண்ணினேன். பதினான்கு. எல்லாம் ஒரே அச்சு. இன்னும் ஐந்து நாள் தாங்கினால் பந்தயத்தில் நான் வென்றுவிடுவேன்.

"இதுக்கு ஆம்புள வேணாமா?" என்று கேட்டார்.

"வேணாம்," என்றேன்.

அவர் போனபின் கிளாஸை அந்த முப்பத்தொன்று இருக்கிற குவளைக்குள் கவிழ்த்துவிட்டேன். இனிப் பிரித்தெடுக்க முடியாது. உம்மா வென்றதாகவே தீர்ப்பு எழுதுங்கள். நிந்தவூருக்கு ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.