கொட்டாரம் வீட்டை யாருக்கும் விற்பதாக இல்லை

கொட்டாரம்,
கொல்லம் 1127, மார்கழி 25.

செங்கோட்டையில் இருக்கும் மரியாதைக்குரிய அத்தான் வள்ளிநாயகம் பிள்ளை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பகவதியைக் கைப்பிடித்த ஈஸ்வரமூர்த்தி வணக்கமாய் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பசுவும் நலம். அங்கே தாங்களும் அக்காளும் பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்கத் தாணுமாலயன் சுவாமி துணை நிற்க வேண்டும். இந்த வருஷம் மழை ஏமாற்றாமல் பெய்து குளமெல்லாம் நிறைந்து கிடக்கிறது. காலையில் லேசாகப் பனி, அப்புறம் இளவெயில், சாயங்காலம் கடல்காற்று. இப்படிப்பட்ட மார்கழியில் ஒரு மனுஷன் சந்தோஷமாக இருக்க வேண்டியதுதான். என்னை எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் சந்தேகமே.

தாங்கள் அறிவீர்கள், ஆரல்வாய்மொழி சவுக்கையில் எல்லை தாண்டி வருகிற வண்டிகளைச் சோதனை போட்டே தலை நரைத்தவன் நான். புகையிலையை வைக்கோலுக்குள்ளே வைத்தவனையும் பார்த்திருக்கிறேன், வயிற்றில் கட்டிக்கொண்டு மாசமாக இருக்கிறேன் என்று வந்தவளையும் பார்த்திருக்கிறேன். காரணமில்லாமல் சிரிக்கிறவன் மூட்டையை முதலில் அவிழ் என்பதுதான் நான் கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இப்போது என் மருமகன் ஆறுமுகப்பெருமாள் சிரிக்க ஆரம்பித்திருக்கிறார்.

பகவதி போன இந்த ஆறு வருஷத்தில் நம்ம மகள் அழகியநாயகியும் மாப்பிள்ளையும் நாகர்கோவிலிலிருந்து தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எட்டிப் பார்ப்பதோடு சரி. அவருக்குப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை, அவளுக்குப் பிள்ளை வளர்க்கிற வேலை, நானும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் கார்த்திகை முடிந்ததும் முடியாததுமாகச் சனிக்கிழமை தோறும் வண்டி வந்து வாசலில் நிற்கிறது. கிறிஸ்துமஸ் லீவு விட்டதும் கேட்கவே வேண்டாம். வந்தால் வீட்டில் இருப்பதும் இல்லை. "மாமா, வெயிலே இல்ல பாருங்க, கன்னியாரி வரைக்கும் போயி காத்து வாங்கிட்டு வருவோம்" என்கிறார் மாப்பிள்ளை. பென்ஷன் வாங்குகிற மாமனாருக்குக் காற்று வாங்கிக் கொடுக்கிற மருமகனைத் தாங்கள் எங்காவது கேள்விப்பட்டதுண்டா? போனோம். மணலில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அடடே, நீங்க எங்க இங்க" என்று ஒரு மனிதர் வந்தார். பூதப்பாண்டி சுயம்புலிங்கம் பிள்ளையாம். கூடவே அவர் தங்கை தாணம்மாள், மாப்பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே டீச்சர். வயது நாற்பதைத் தாண்டும். தகப்பனார் போன பிறகு தம்பி தங்கைகளைக் கரையேற்றுவதிலேயே காலம் போய்விட்டது, கலியாணம் செய்துகொள்ளவில்லை என்று அழகி நான் கேட்காமலே என் காதில் சொன்னாள். எனக்கு எதற்கு அந்த விவரம் என்று அப்போதே மனசில் குறித்துக்கொண்டேன். தற்செயலாகப் பார்த்தவர்களை உட்கார வைக்க மாப்பிள்ளை வண்டியில் ஒரு ஜமுக்காளம் தயாராக இருந்தது. அதையும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி சிதறால் மலைக்குப் போனால், அங்கேயும் தற்செயலாக அந்த அண்ணனும் தங்கையும் அடிவாரத்தில் நிற்கிறார்கள். மலை ஏறும்போது சுயம்பு என் பின்னாலேயே வந்தார், நான் எங்கே மூச்சு வாங்குகிறேன் என்று பார்க்கிறவர் மாதிரி. "சாருக்கு நீரிழிவு ஒண்ணும் கெடையாதே?" என்றார். இல்லை என்றேன். "ராத்திரி ஒறக்கமெல்லாம் எப்பிடி? கொறட்டை உண்டா?" என்றார். முன்பின் தெரியாத ஒருத்தருக்கு என் குறட்டையில் என்ன அக்கறை? அப்போதுதான் எனக்கு விஷயம் புலப்பட்டது. இவர் வீடு வாங்க வந்தவர். கிழவன் இன்னும் எத்தனை நாள் தாங்குவான், வீடு எப்போது காலியாகும் என்று என் ஆயுசை அளந்து பார்க்கிறார். மாப்பிள்ளை வீட்டைக் கைமாற்றிவிட்டு, என்னை நாகர்கோவில் பின்னறையில் கொண்டுபோய்ப் போட ஏற்பாடு செய்திருக்கிறார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அண்ணன் கிணற்றை எட்டிப் பார்க்கிறார், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்க்கிறார். தங்கை நேரே அடுப்படிக்குள் போய்ப் பானை மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தச் சுவர்ல ஒரு ஜன்னல் வச்சா புகை வெளிய போயிரும்" என்கிறாள். அடுத்தவன் சுவரில் ஜன்னல் வைக்கிற தைரியத்தைப் பாருங்கள் அத்தான். சரி, வந்தவர்கள் வந்தார்கள் என்று காப்பி கொடுத்தேன். "இருக்கட்டும் சார், பொறவு ஆகட்டும்." முந்திரிக்கொத்து வைத்தேன். "பொறவு ஆகட்டும்." ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடவில்லை. சவுக்கையில் தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்கிறவன் வாய்க்குள் எதையோ அடக்கி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். இவர்களோ நான் காப்பியில் எதையாவது கலந்திருப்பேன் என்று பயப்படுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

பேரத்தைக் கலைக்க வேண்டுமே. சும்மா பேச்சுவாக்கில் ஆரம்பித்தேன். கிணறு சித்திரையில் உப்புக் கரிக்கும் என்றேன். ஓட்டில் சாரைப்பாம்பு குடியிருக்கிறது என்றேன். அதற்கும் சுயம்பு அசையவில்லை என்றதும், "எனக்கு ராத்திரி பூரா இருமல். கோவம் வந்தா கையில கெடச்ச பாத்திரத்தைத் தூக்கி எறிவேன். இந்த வீட்டுல எந்தப் பொம்பளையும் பத்து நாள் நெலைக்க மாட்டா" என்று ஒரே போடாகப் போட்டேன். சுயம்புக்கு முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, கொஞ்சம் சும்ம இருக்கியளா" என்று அழகி பல்லைக் கடித்தாள். அந்தத் தாணம்மாள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு, "அப்பம் அக்கா இத்தன வருசம் எப்பிடி சார் இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"அவ பொறுமைசாலி" என்றேன். "ம்" என்று அவள் திரும்பி, பகவதி அடுக்கி வைத்தபடியே இன்னும் இருக்கிற பித்தளைப் பாத்திரங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட நசுங்கல்லியே" என்றாள். சவுக்கையில் என் கூட இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் ஒரு புகையிலைச் சுருள் எல்லை தாண்டியிருக்காது.

தங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு நான் பசுவிடம்தான் பேசுகிறேன். அதுவும் கேட்டுக்கொள்ளுமே தவிர ஒன்றும் சொல்லாது. சில நாள் எனக்கு மட்டும் என்ன சமையல் என்று அடுப்பே மூட்டுவதில்லை. ஆனாலும் இது பகவதி இருந்த வீடு. இதை விட்டுவிட்டு மகள் வீட்டுப் பின்னறையில் காப்பிக்குக் காத்திருக்கிற கிழவனாக என்னால் முடியாது.

போன சனிக்கிழமை வட்டக்கோட்டைக்குப் போகலாம் என்றார்கள். இந்த முறை நான் ஆயத்தமாகப் போனேன். நானே விடிகாலையில் எழுந்து புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் செய்து தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டேன். கோட்டை நிழலில் ஜமுக்காளம் விரித்து எல்லாருக்கும் இலை போட்டேன். சுயம்பு வயிறு சரியில்லை என்றார். நான் விடவில்லை. தாணம்மாள் முன்னால் இலையை நகர்த்தி, "டீச்சர், இதுல விஷம் ஒண்ணும் கெடையாது. சாப்பிட மனசில்லேண்ணா, மனசுல என்ன இருக்குண்ணு இப்பமே சொல்லிருங்க" என்று கேட்டேவிட்டேன். அவள் அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான். அழகி கண்ணைத் துடைக்கிறாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். சுயம்பு பகவதி அம்மன் கோயில் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அந்தச் சரியில்லாத வயிற்றோடு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். நான் சோற்றை எடுத்து ருசி பார்த்தேன். புளி சரியாக இருந்தது, உப்பும் சரியாக இருந்தது. புளிச்சோறு தின்றுவிட்டு அழுகிறவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். புறப்படும்போது சுயம்பு, "மார்கழி கழியட்டும் சார், தை பொறந்ததும் மொறையா வந்து பேசுகேன்" என்றார். ஆக, பேரம் முடிந்துவிட்டது. அதுவும் என் சோற்றாலேயே முடிந்திருக்கிறது.

ஆகையால் தை பிறந்து வருகிற முதல் சனிக்கிழமை தாங்கள் கட்டாயம் புறப்பட்டு வர வேண்டும். வரும்போது அந்தப் பூண் போட்ட கம்பைக் கொண்டு வரவும். "என் தங்கை வாழ்ந்த வீடு, எவனும் வாசல்படி மிதிக்கக் கூடாது" என்று தாங்கள் ஒரு அதட்டல் போட்டால் போதும். மாப்பிள்ளைக்கு என்னிடம் இல்லாத பயம் தங்களிடம் உண்டு. அக்காளுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், சந்தேகமும் இல்லாமல் நீடூழி வாழ சுவாமி அருள வேண்டும்.

தங்கள் அன்புள்ள,
ஈஸ்வரமூர்த்தி.

பின்குறிப்பு: இதை மடித்து ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. சுயம்பு வண்டியிலேயே இருந்துகொண்டார். தாணம்மாள் மட்டும், நான் வட்டக்கோட்டையில் விட்டுவிட்டு வந்த தூக்குச்சட்டியைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்து வைத்தாள்.

"தை பொறக்கட்டும்ணு அண்ணன் சொன்னாரு. எனக்குப் பொறுக்கல்ல சார். நான் கை நனைச்சாச்சு, நீங்க ஒண்ணுமே சொல்லல்லியே" என்றாள்.

"வீட்டைத் தர முடியாது" என்றேன்.

"வீட்டை யாரு கேட்டா? நீங்க வீட்டை விட்டு எங்கயாவது போறியளா?"

"நான் எங்கயும் போகல்ல."

"அப்பம் நானும் இங்கதானே வரணும்" என்றாள்.

அத்தான், சம்பந்தம் பேசப் போன வீட்டில் முடிவாகும் வரை யாரும் கை நனைக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாததா? அழகிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டு மோரைக்கூட வேண்டாம் என்று தடுத்தது தாங்கள்தானே. மார்கழியில் யாரும் நல்ல காரியம் பேச மாட்டார்களே என்று நான் அந்தப் பக்கமே நினைக்கவில்லை. இவர்களும் அதனால்தான் வாய்விட்டுப் பேசாமல், தற்செயலாகவே ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கலியாண மாப்பிள்ளை நானாக இருப்பேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாத்திரம் எறிவது நிஜமா என்று கேட்டாள். இல்லை என்றேன். இருமல்? இல்லை. குறட்டை? அது உண்டு என்றேன். சரி என்றாள்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடவும். கம்பு வேண்டாம். ஆனால் தாங்கள் கட்டாயம் வர வேண்டும். பகவதி இருந்த வீட்டில் தங்கள் மனசுக்கு ஒவ்வாத எதையும் நான் செய்ய மாட்டேன். அடுப்படி ஜன்னலுக்கு மட்டும் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன், அது எப்படியும் வேண்டியதுதான். சனிக்கிழமை மத்தியானம் தங்களுக்கு நானே இலை போடுவேன். மனசில்லை என்றால் தாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், கை நனைக்காமல் எழுந்துவிடுங்கள். இந்தத் தடவை எனக்குப் புரியும்.