சிறுபாலத்தில் சிக்கிய பந்து

மரக்காணம்

அன்புள்ள தம்பி டோமினிக்குக்கு,

அக்கா பிரிசில்லா எழுதுவது. பெங்களூரில் நீயும் பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நானும் நலம். கணுக்காலுக்கு மேலே நலம், கீழே ஈரம்.

முதலில் ஒரு கேள்வி. பந்து இப்போது எங்கே இருக்கிறது? பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான். பானிபட்டில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இந்தப் பந்து யார் பக்கம் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

தெருமுனைச் சிறுபாலம் சேற்றில் அடைத்துக்கொண்டது, என் வீட்டுக்குள்ளும் பக்கத்திலிருக்கும் உன் காலி மனையிலும் தண்ணீர் நிற்கிறது, கவுன்சிலரிடம் நீயும் ஒரு வார்த்தை சொல் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? “அவர்கிட்ட பேசிட்டேன்க்கா. பந்து இப்போ அவர் கோர்ட்ல” என்று வாட்ஸ்அப்பில் பதில் போட்டாய். அதை நம்பிக் கவுன்சிலர் பஞ்சநாதனிடம் போனேன். “தீர்மானம் போட்டுட்டேன் டீச்சர், பந்து இப்போ ரோடு ஆபீஸ் கோர்ட்ல இருக்குது” என்றார். ரோடு ஆபீசுக்குப் போனால் அங்கிருந்த என்ஜினியர், “எஸ்டிமேட் மேல அனுப்பியாச்சு மேடம், பந்து எங்க கோர்ட்ல இல்ல” என்றார். “அப்ப யார் கோர்ட்லங்க?” என்று கேட்டேன். “அதான் சொன்னேனே, எங்க கோர்ட்ல இல்ல.” திரும்பி வந்தால் எதிர்க்கட்சி சுப்ராயன் அதே சேற்றுக்குப் பக்கத்தில் மைக் கட்டி, பந்து ஆளுங்கட்சியின் கோர்ட்டில் இருப்பதாக எச்சரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டியது. சேறு அசையவில்லை.

இந்த ஊரில் மட்டை என்றால் தென்னை மட்டை, இல்லாவிட்டால் கொசு அடிக்கிற மட்டை. டென்னிஸ் ஆடி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் சாயங்காலம் வலை கட்டி ஆடினான். அந்தப் பேச்சு அவன் பத்திரிகையில் ஏறி, அரசியல்வாதி வாயில் விழுந்து, டிவி விவாதத்தில் கத்திக் கத்தி, உன் ஆபீஸ் மீட்டிங்கில் கோட்டு போட்டு உட்கார்ந்து, கடைசியில் அனுமந்தையிலிருந்து மீன் கொண்டுவரும் லீமாவின் கூடைக்குள் வந்துவிட்டது. நேற்று சங்கரா மீனுக்கு விலை கேட்டேன். “வெல சொல்லிட்டேன், பந்து உங்க கோர்ட்ல டீச்சர்” என்கிறாள். அவளாவது மீனைக் கொடுத்தாள்.

அந்த விளையாட்டில் பந்து உன் பக்கம் வந்தால் ஓடிப்போய் அடிக்க வேண்டும். நாமோ பந்தை அடுத்தவன் பக்கம் தள்ளிவிட்டதாகச் சொன்னதுமே கோப்பை வாங்கின மாதிரி நாற்காலியில் சாய்கிறோம். அடுத்தவனோ பந்தே வரவில்லை என்கிறான். இதைவிட நம் உப்பளத்துக்காரர்கள் நேர்மையானவர்கள். மடை திறக்கும் முன் அடுத்த பாத்திக்காரனைப் பேர் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதன்பிறகு தண்ணீர் அவன் பொறுப்பு. தூங்கினால் அது அவன் தப்பு.

எனக்கு ஈரம்தான். எதிர்வீட்டு சவரியம்மாளுக்கு அப்படியில்லை. இந்த வருஷத்து உப்பு மூட்டை அத்தனையும் அவள் முன்னறையில் அடுக்கியிருக்கிறது. கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. இன்னொரு மழை பெய்து தண்ணீர் வாசற்படி தாண்டினால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது. “ஆளுக்கொரு கோர்ட் வச்சிக்கினு இருக்கானுங்க டீச்சர், ஒருத்தன் கையிலயும் மம்பட்டி இல்லியே!” என்கிறாள். இவர்களைப் போலப் பேச எனக்கும் வாய் வராமலில்லை, ஆனா நமக்கு எதுக்கு? நாளைக் காலை சவரியம்மாளைக் கூட்டிக்கொண்டு, நல்ல தமிழில் எழுதிய மனுவோடு பஞ்சநாதனிடம் போகிறேன். அந்தப் பந்துப் பேச்சு மட்டும் என் வாயில் ஒருநாளும் வராது. படித்தவள் ஒருத்தியாவது மனுஷி மாதிரி பேச வேண்டும்.

லூர்து மாதா உன்னையும் பிள்ளைகளையும் மழையிலிருந்தும் மீட்டிங்கிலிருந்தும் காக்கட்டும்.

உன் அக்கா,
பிரிசில்லா

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் தபாலில் போடாததால் மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். மனுவை முழுக்க வாசித்தேன். பஞ்சநாதன் மரியாதையாகக் கேட்டு, நாலாக மடித்து, “பரிசீலிக்கிறோம் டீச்சர்” என்றார். வெளியே இடி இடித்தது. சவரியம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: “பஞ்சநாதன், எல்லார் கோர்ட்டுக்கும் போய்ப் பாத்துட்டேன். பந்து உங்க கோர்ட்லதான் கெடக்குது. இப்ப அடிக்கலன்னா மேட்ச் போச்சு. தெருவே பாத்துக்கிட்டிருக்கு.” அவர் துள்ளி எழுந்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா டீச்சர்!” மத்தியானத்துக்குள் ஜேசிபி வந்துவிட்டது. சாயங்காலம் மழை கொட்டியது; தண்ணீர் பாலத்துக்கடியில் ஓடிவிட்டது. சவரியம்மாளின் உப்பு உப்பாகவே இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். தோண்டும்போது ஜேசிபிக்காரர், “சேத்த எங்கம்மா கொட்றது?” என்று கேட்டார். எல்லோரும் உன் மனையைப் பார்த்தார்கள். நான் உப்பளத்து வழக்கம் மீறவில்லை. மனையைப் பார்த்து நின்று, டோமினிக், டோமினிக், டோமினிக் என்று மூன்று தரம் குரல் கொடுத்தேன். பெங்களூரிலிருந்து பதில் வரவில்லை; சேறு அத்தனையும் உன் மனையில் இறங்கியது. நாற்றம் மாதா கோயில் வரைக்கும் போகிறது. எப்போது அள்ளுவாய் என்று தெருவில் கேட்கிறார்கள். பந்து இப்போது உன் கோர்ட்டில், தம்பி.