மாப்பிள்ளை ஊற்றிய கூழ்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் என்ன, ஏது என்று கேட்காமல் கையை நீட்டிவிடுவேன். பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்பவர் ஒரு உருண்டையை எடுத்தால் முதலில் போகிற கை என்னுடையதுதான். அது எந்த நோய்க்கு என்பதை விழுங்கிய பிறகு விசாரித்துக்கொள்வேன். இந்தக் கையால் நான் பட்ட பாடுகளில் முதலிடம் ஜவ்வாது மலையில் பட்டதற்குத்தான். (என் மனைவி இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வாள். நம்பாதீர்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். போளூரில் குமாஸ்தா வேலை. எனக்குள் ஒரு உலகப் பயணி உட்கார்ந்திருந்தான். அவன் அதுவரை போயிருந்த வெளியூர் வேலூர். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த பழைய பத்திரிகையில் தெற்கு ஸ்பெயினைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை படித்தேன். மலைமேல் வெள்ளையடித்த கிராமங்களாம், அருவிகளாம், தெருவெல்லாம் திருவிழாவாம். 'ஊர்க்காரர்களோடு கலந்துவிடுங்கள், அவர்கள் தருவதை மறுக்காதீர்கள்' என்று கடைசியில் ஒரு அறிவுரை வேறு. ஜன்னல் வழியே பார்த்தேன். மேற்கே ஜவ்வாது மலை சும்மாதானே நின்றுகொண்டிருக்கிறது? நாமும் ஒரு பயணக் கட்டுரை எழுதினால் என்ன?

பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் லீவு போட்டுவிட்டு, பக்கத்து மேஜை சேகரையும் அவனுடைய மாமாவின் கேமராவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவதாகத் திட்டம்.

"ஞாயித்துக்கெயம பத்து மணிக்கு பொண்ணு பாக்கப் போவணும்டா. வெயில்ல சுத்தி மொகத்தைக் கருக்கிக்கினு வந்து நிக்காத" என்றாள் அம்மா.

அவள் கவலை அவளுக்கு. இரண்டு வருடமாகப் பெண் தேடி, நாலு இடம் தட்டிப்போய், ஐந்தாவதாக அமைந்த இடம் அது. பெண்ணின் அப்பா எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர். ரயில் தாமதமாக வந்தாலும் அவர் ஜன்னல் நேரத்துக்குத் திறக்கும், நேரத்துக்கு மூடும். எனக்கு முன்னால் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை அரை மணி தாமதம் என்பதற்காக வாசலோடு அனுப்பப்பட்டவன். பெண்ணின் போட்டோ என் ஆபீஸ் டிராயரில் இருந்தது. அந்த டிராயரை ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்துகொண்டிருந்தேன். இந்தப் பெண் கிடைக்காவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

மலையில் முதலில் அருவிக்குப் போனோம். அருவி என்று சொன்ன இடத்தில் பாறை இருந்தது. பாறைமேல் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதை மூன்று கோணத்தில் படம் எடுத்துக்கொண்டோம்.

அப்போதுதான் தூரத்தில் மேளச்சத்தம். ஓட்டமும் நடையுமாகப் போனால் ஒரு சின்ன ஊர். வாசலெல்லாம் புளி காய்ந்துகொண்டிருந்தது. காளியம்மன் கோயிலுக்கு முன்னால் ஆண்கள் வரிசையாக நிற்க, பூசாரி வெள்ளையன் ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டிருந்தார். ஸ்பெயின் கட்டுரையின் அறிவுரை நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நுழைந்தேன்.

"சேகர், சரியா எடுடா."

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், நாலு நாளும் ஊரோட இருப்பீங்களா?"

விருந்தாளியைப் பார்த்து 'இருந்து சாப்பிட்டுப் போங்க' என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி உபசாரம் என்று நினைத்தேன். "அதுக்கென்ன, இருந்துட்டாப் போச்சு!" என்று தாராளமாகச் சொல்லி வலது கையை நீட்டினேன். கட்டினார். மேளம் கொட்டியது. ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கப் போனவர் என் கையைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னா சார் இது?"

"காப்பு. இந்த ஊர்ல கட்டினாங்க."

"எப்போ?"

"மத்தியானம்."

விசில் ஊதினார். பஸ் நின்றது. "எறங்குங்க."

"ஏங்க, டிக்கெட் எடுக்கிறேனே?"

"டிக்கெட்டா பிரச்சினை? காப்பு கட்டிக்கினு எல்லை தாண்டலாமா சார்? திருவிழா முடிஞ்சி அவுத்தாத்தான் ஊரை வுட்டுப் போவணும். என் வண்டி இன்னும் அத்தினி வளைவு எறங்கணும், பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்க எனக்கு."

புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "படிச்ச புள்ளையாட்டம் கீது, இதுகூடத் தெரியலையே!" என்று அங்கலாய்த்தார்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "ஞாயித்துக்கிழமை போளூர்ல நான் பொண்ணு பார்க்கப் போகணும்ங்க!"

பஸ் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு கண்டக்டர் தீர்ப்புச் சொன்னார்: "பொண்ணு எங்க சார் போய்டும்? போளூர்லதான கீது?"

சேகர் மட்டும் இறங்கவில்லை. "நான் போய் வூட்ல சொல்லிட்றேன்டா" என்று கேமராவை என் கையில் திணித்தான். நண்பனுக்கு உதவுவதில் அவன் அவ்வளவு வேகம் காட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

நூலை அறுத்தெறிந்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாமே என்பீர்கள். நினைக்காமல் இல்லை. ஆனால் திரும்பி நடந்து ஊருக்குள் நுழைந்தபோது பூசாரி, "சிநேகிதரை பஸ் ஏத்திட்டு வந்துட்டீங்களா? வாங்க, காலைக் கழுவுங்க, சாப்பிடலாம்" என்றார். நான் ஓடப் பார்த்தேன் என்று அந்த ஊரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நூலின்மேல் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடியற்காலை ஓடையில் குளியல். (பல் தந்தியடித்தது.) யாரோ ஒரு மஞ்சள் வேட்டி கொடுத்தார்கள். சவரம் கூடாது, செருப்பு கூடாது. தண்ணீர் சுமக்கச் சொன்னார்கள். பாதியை வழியில் என் தலைமேலேயே ஊற்றிக்கொண்டு வந்தேன். சாமைச் சோறும் புளிக்குழம்பும் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நடுநடுவே டிராயர் போட்டோ நினைவுக்கு வரும். அது வந்த கையோடு யாராவது ஒருவர் தோளில் தட்டி ஒரு வேலை கொடுப்பார். சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணி. அங்கே டிக்கெட் ஜன்னல் எனக்கு மூடப்பட்டிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அன்று கூழ் ஊற்றுகிற நாள். காப்பு கட்டியவர்கள்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஊற்ற வேண்டும் என்று என் கையில் ஒரு அகப்பையைக் கொடுத்தார்கள். நீட்டினேன், வாங்கினேன். பத்தரைக்கு மேல் ஒரு பஸ் வந்து கூட்டம் இறங்கியது. குனிந்த தலை நிமிராமல் ஊற்றிக்கொண்டே போனேன்.

"டேய்!"

அம்மாவின் குரல். நிமிர்ந்தால் அம்மா, பின்னால் சேகர், அவனுக்குப் பின்னால் பெண்ணின் அப்பா, அம்மா. எனக்கு நேர் எதிரே, பட்டுப்புடவையில், கையில் கிண்ணத்தோடு டிராயர் போட்டோ. கஸ்தூரி.

இரண்டு நாள் தாடி, மஞ்சள் வேட்டி, முழங்கை வரை கூழ். எனக்கு நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் முகத்தில் கோபம் இல்லை, கூச்சம். "பத்து மணிக்கு வந்துடறோம்னு சொல்லியிருந்தோம். வழியில பஸ் டயர் பஞ்சர். நாங்கதான் லேட்டு, தப்பா நினைக்காதீங்க."

பூசாரி புகுந்தார். "இவரு வெள்ளிக்கெயமையே வந்துட்டாருங்க! நாலு நாளும் இருப்பேன்னு சொன்னாரு, சொன்ன மாதிரி கீறாரு."

டிக்கெட்காரர் என்னை மரியாதையோடு பார்த்தார். நேரத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து காத்திருக்கும் மாப்பிள்ளையை அவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

கஸ்தூரி ஒரு வாய் குடித்தாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை: "உப்பு கம்மி."

பிறகு தன் அம்மாவின் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னாள். "உப்பு எடுத்துக்கினு வரச் சொல்லும்மா. நடக்கிறதையும் பார்த்துடலாம். என்னை மட்டும் மூணு பேரு நடந்து காட்டச் சொன்னாங்களே!"

உப்பு எடுக்க நடந்தேன். வெறுங்காலில் இரண்டு நாள் நடந்த கால். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு துள்ளல். அவள் சிரித்த சிரிப்பு மேளத்தையும் மீறிக் கேட்டது. போனால் போகட்டும் என்று நானும் சிரித்துவிட்டேன்.

சேகர் போய் விஷயத்தைச் சொன்னதும், அதே பத்து மணிக்கு மலைக்கே வரலாம் என்று சொன்னது அவள்தான் என்று பின்னால் தெரிந்தது. "தெனம் மாடியிலேர்ந்து பாக்கிற மலை. பையனைப் புடிக்கலைன்னாலும் மலையைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றாளாம். எல்லை தாண்ட முடியாத என்னை விட்டுவிட்டு எல்லோருமாக அருவிக்குப் போய்வந்தார்கள். "எப்படி இருந்தது?" என்று கேட்டேன். "ஈரமா இருந்துச்சு" என்றாள்.

திங்கட்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். ஆவணியில் கல்யாணம். மணவறையில் ஐயர் காப்பு கட்டக் கையை நீட்டச் சொன்னபோது, "எத்தினி நாளுன்னு கேட்டுட்டு நீட்டுங்க" என்று காதோரம் ஒரு குரல் கேட்டது. அன்றும் நான் கேட்கவில்லை.

பயணக் கட்டுரை எழுதப்படவே இல்லை. ஆனால் 'உங்க அம்மா என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த கதை' எங்கள் வீட்டில் ஓடாத நாளில்லை. எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தபோதும் ஓடியது. எல்லோரும் சிரித்து முடித்ததும் கஸ்தூரி உள்ளே போய்க் காபித் தட்டோடு வந்தாள். அதை மகளிடம் கொடுக்காமல் நேராக அந்தப் பையனிடம் நீட்டினாள். அவன் எதற்கு, யாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

கஸ்தூரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தப் பையனே இருக்கட்டுங்க" என்றாள்.