தாடிக்காரரை நம்பி பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள்

உலகம் அழிந்த பிறகு மிச்சமிருக்கும் நாலைந்து பேரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் எதுவானாலும் மனுசனுக்குப் பிடித்துவிடுகிறது. இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அந்த உலகத்தில் யாருக்கும் மேலதிகாரி கிடையாது. நேற்றுவரை எதற்கும் லாயக்கில்லாதவன் என்று பெயர் வாங்கியவன்கூட, ஈர விறகை ஒரு தடவை பற்ற வைத்துக் காட்டினால் தலைவனாகிவிடலாம். எண்பதுகளின் தொடக்கத்தில், பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியனாக இருந்த எனக்கு அப்படி ஓர் உலகம் அவசரமாகத் தேவைப்பட்டது.

எங்கள் தோட்டத்தில் முதல் டி.வி. வந்தது மருந்து கொடுக்கும் ஐயா வீட்டுக்கு. சனிக்கிழமை சாயங்காலமானால் லயம் என்கிற வரிசை வீடுகளின் ஆட்களில் பாதிப் பேர் அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பார்கள், மீதிப் பேர் சன்னலில் தொங்குவார்கள். மூங்கில் கழியில் கட்டிய அன்டெனா காற்றில் திரும்பும்போதெல்லாம் படம் முழுக்க வெள்ளைப் புள்ளியாகக் கொட்டும். (உலகம் அழிந்தால் அப்படித்தான் கொட்டும்போல என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தோம்.) கொள்ளை நோயில் சனமெல்லாம் செத்துப்போக, தப்பித்த கொஞ்சப் பேர் காடு மேடாக அலைவதுதான் கதை. அவர்களுக்குத் தலைவன் ஒரு தாடிக்காரன். வெள்ளைக்காரப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் ‘தாடிக்காரர்’ என்று மரியாதையாகவே சொல்லிவந்தோம்.

தொடர் இங்கிலீஷில் ஓடும். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று பெயர் எடுத்திருந்ததால் அதைத் தமிழில் சொல்லும் வேலை எனக்கு. எனக்குப் புரிந்தது கால்வாசி. மீதியை நானே போட்டு நிரப்பினேன். “உக்காந்திருக்கறவன்தான் முதல்ல சாவான்னு சொல்றாரு” என்று ஒரு நாள் அடித்துவிட்டேன். (பாவம், அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கலாம்.) சனம் உச்சுக்கொட்டியது. எனக்கே புல்லரித்தது.

கொழுந்து எடுக்கும் செல்லம்மா அக்கா ஒரு நாள் என்னிடம் சந்தேகம் கேட்டார்.

“சேர், அந்த ஊர்ல காலையில பெரட்டு உண்டா?”

விடியுமுன் ஓடிப்போய் வரிசையில் நின்று பெயர் கொடுப்பதற்குத்தான் பெரட்டு என்று பெயர். தாமதித்தால் அன்றைக்கு வேலை இல்லை.

“ஆளே இல்லையே அக்கா, பெரட்டு யாரு வைக்கிறது?”

“அப்ப நல்ல ஊருதான்” என்றார் செல்லம்மா அக்கா.

நானும் தாடி வளர்த்தேன். உரம் காணாத தேயிலை மாதிரி அது அங்கங்கே திட்டுத் திட்டாக முளைத்தது. குறைவாகப் பேசினேன். தூரத்து மலையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். பிள்ளைகள் எனக்குப் பார்வை மங்கிவிட்டதென்று தலைமை ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்கள்.

இந்த நிலையில்தான் அம்மா எனக்குப் பெண் தேடினார். பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இருந்த சரசு என்ற பெண். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தத்தில் அவள் அப்பா அம்மாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கப்பலுக்கு நாள் வருமுன் மகளை இங்கேயே ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவளாவது பிறந்த மண்ணில் இருப்பாளே என்பது அவர்கள் நினைப்பு. பெண்ணுக்கும் இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை என்று சொன்னார்கள். இதைவிடச் சுலபமாக எவனுக்கும் பெண் அமையாது. வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் போதும்.

அம்மா, அக்கா, அக்கா புருஷன் மாரிமுத்து மச்சான், நான். பதுளையில் பஸ் ஏறினோம். மச்சான் மடியில் வெற்றிலை, வாழைப்பழம், கற்கண்டு வைத்த தட்டு. ராத்திரியெல்லாம் பெய்த மழை விடவில்லை. பசறைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஒரு வளைவில் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். ரோட்டு வேலை ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் அள்ளிவிடுவார்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்தேன்.

கீழே இறங்கி விரலை நனைத்துக் காற்றில் பிடித்தேன். தாடிக்காரர் அப்படித்தான் செய்வார். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு மலையைப் பார்த்தேன். இந்த மேட்டைத் தாண்டினால் பசறை என்று ஏதோ ஒன்று எனக்குள் சொன்னது.

“அம்மா, இறங்குங்க. குறுக்கால போயிரலாம்.”

“பஸ்ஸு போகும்ப்பா, வந்து உக்காரு.”

“உக்காந்திருக்கறவங்கதாம்மா முதல்ல சாவாங்க.”

நானே இட்டுக்கட்டிய வசனத்தை நானே நம்பிய கொடுமை அப்போது எனக்கு உறைக்கவில்லை. பசறையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவர், எல்லாருக்கும் நானா, பக்கத்து சீட்டில் இருந்தார். போகிற விஷயத்தை அம்மா அவரிடம் ஏற்கெனவே ஒப்பித்திருந்தார்.

“தம்பி, பொண்ணு பாக்கப் போறீங்க. ஒங்க எடத்துல நான் இருந்தா செருப்பக்கூட நனைக்க மாட்டேன்” என்றார் அவர்.

நான் கண்ணைச் சுருக்கி அவரைப் பார்த்தேன். படித்த பிள்ளை சொல்கிறதே என்று என் குடும்பம் இறங்கியது.

முதலில் தேயிலை. பிறகு மானாப்புல். பிறகு வெறும் பனி. முன்னால் போகும் அக்காவின் சேலை நிறம் மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மண் நிறமாகிவிட்டது. அட்டைகள் காலில் ஏறி, பிறகு காதுவரை வந்தன. தட்டிலிருந்த கற்கண்டு கரைந்து மச்சானின் வேட்டியில் ஒழுகியது. பழத்தை ஆளுக்குப் பாதிதான் சாப்பிட வேண்டும், எத்தனை நாள் ஆகுமோ தெரியாது என்று நான் அறிவித்தேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு முழுப் பழத்தை உரித்தார். அம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து, இனி பிள்ளையார் நேரில் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

அப்போதுதான் ஹார்ன் சத்தம் கேட்டது. பனி கொஞ்சம் விலகியது. நாங்கள் இறங்கிய பஸ் கீழே ரோட்டில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சன்னலோரம் நானா. அவர் எங்களைப் பார்க்கவில்லை. அதற்காக அன்றைக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அக்கா சத்தமில்லாமல் அழுதார். அவர் கட்டியிருந்தது கல்யாணச் சேலை.

இறங்கி, பஸ் டயர் தடத்திலேயே நடந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தோட்டத்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நானா பசறையில் இறங்கியதும் பெண் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார்: மாப்பிள்ளை வீட்டார் காட்டுக்குள் போய்விட்டார்கள், தேடிப் பாருங்கள். நாங்கள் போகும்போது சரசுவின் அப்பா அரிக்கன் லாம்புடன் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வாங்க, உள்ள வாங்க” என்று மட்டும் சொன்னார்.

பெண் தேத்தண்ணீர் தட்டுடன் வருவாள் என்றுதான் நினைத்திருந்தேன். சரசு உப்புச் சிரட்டையுடன் வந்தாள். அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஒவ்வோர் அட்டையாக உப்பு வைத்து எடுத்தாள். நான் அவளை முதன்முதலாகப் பார்த்தபோது என் காதில் ஓர் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் பார்த்தாள்.

“சனிக்கிழம டி.வி. படம் பாப்பீங்களா சேர்?” என்று கேட்டாள்.

“பாப்பேன். நீங்க?”

“எங்க கிளாக்கர் ஐயா வீட்ல போய் பாப்பேன்.”

எனக்கு உடம்பு வலியெல்லாம் பறந்தது. இவள்தான் என்று தோன்றியது. “தாடிக்காரர எனக்கு ரொம்பப் புடிக்கும்” என்றேன்.

“தெரியுது” என்றாள். உப்பை என் காதில் வைத்தாள். எரிந்தது. “அவரு பின்னாடி போனவங்க யாராச்சும் உசுரோட இருக்காங்களா, யோசிச்சுப் பாருங்க. அவரு மட்டுந்தான் ஒவ்வொரு தடவையும் தப்பிக்கிறாரு. கூடப் போனவங்கள அடுத்த வாரம் காணோம்.”

யோசித்துப் பார்த்தேன். நர்ஸ், சமையல்காரன், அந்தச் செம்பட்டைத் தலை இளைஞன். அவள் சொன்னது சரி. இத்தனை வாரமும் நான் அவர்களைப் பார்க்கவே இல்லை.

“எனக்கு அதுல கெழங்கு நடுற அம்மாவத்தான் புடிக்கும்” என்றாள் சரசு. “எங்கயும் போகாது. இருக்கற எடத்துல இருக்கும். அதான் இன்னும் இருக்கு.”

சோறு போட்டு, மாற்றுத் துணி கொடுத்து, மறுநாள் காலை எங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஏறும்போது அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “புள்ள வேணாங்குது சேர். மனசுல வச்சுக்காதீங்க.” அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காக அல்ல என்று அப்போதே தெரிந்தது.

வேறு மாப்பிள்ளை பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. கப்பலுக்கு நாள் வந்துவிட்டது. இருக்கிற இடத்திலேயே இருக்க ஆசைப்பட்ட பெண் பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறிப் போய்விட்டாள். நானாவின் கடைக்குத் துணி எடுக்கப் போனபோது அவர்தான் சொன்னார். எந்த ஊரில் இறங்கினாள், என்ன ஆனாள், யாருக்கும் தெரியாது. அந்த வருசம் எங்கள் லயத்திலும் குடும்பத்துக்கு ஒன்றாக இருந்த காம்பரா அறைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. செல்லம்மா அக்காவும் போய்விட்டார். டி.வி. முன்னால் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. நான் தாடியை எடுத்தேன். தமிழில் சொல்வதையும் நிறுத்திவிட்டேன்.

பிறகு எனக்கும் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். என் குடும்பத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. அம்மா போட்டு, அக்கா கட்டிக்காத்து, இப்போது என் மனைவி நடத்திவருகிறார்: நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் வேறு யாரும் இறங்கக் கூடாது. போன வருசம் அப்புத்தளைக்குப் போகும்போது பஸ் ஏற்றத்தில் நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். நான் இறங்கினேன். என் குடும்பம் மொத்தமும் சீட்டை விட்டு அசையவில்லை.

“ஏன் இறங்கமாட்டேங்கிறீங்க?” என்று கண்டக்டர் கேட்டார்.

“அவரு இறங்கிட்டாருல்ல” என்றார் என் மனைவி.

அவர்களையும் சேர்த்துத்தான் தள்ளினேன்.