பத்துதான் கேட்டேன்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் லோகன் அவர்களுக்கு அத்தான் ரெங்கசாமி எழுதிக்கொள்வது.

செராஸில் நீங்களும் பிள்ளைகளும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். உங்கள் வாசலில் யாரும் லோரியைச் சாய்த்து எதையும் கொட்டவில்லை அல்லவா? அப்படியானால் சுகம்தான். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்லிக் கெட்டது போதும் என்று கடிதமாக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நீங்கள். "ரிட்டையர் ஆகி சும்மாதானே இருக்கீங்க, வாங்க அத்தான், சாப்பாடு ஃப்ரீ" என்று பெட்டாலிங் ஜெயாவில் ‘கழிவில் கனகம்’ கருத்தரங்குக்கு அழைத்துப் போனீர்கள். வெயிலே படாத கோட்டுப் போட்ட தனேஷ் என்ற தம்பி, செம்பனைப் பழத்தை எண்ணெய்க்கு உதிர்த்த பிறகு மிஞ்சும் காலிக் குலையில் உரம் செய்யலாம், விறகுக்குப் பதில் எரிக்க அடுப்புக் கட்டி செய்யலாம், காளான் வளர்க்கலாம், மின்சாரமே எடுக்கலாம் என்று படம் போட்டுக் காட்டினார். "கழிவுன்னு ஒன்னும் கிடையாது அங்கிள், எல்லாமே வளம்" என்றார். அன்று நாம் தின்று முடித்த இருநூறு பிளாஸ்டிக் டப்பாவும் பின்வாசல் குப்பைத்தொட்டிக்குப் போனது வேறு விஷயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவனை ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். பழத்தை எடுத்துக்கொண்டு குலையை வீசுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

தெலுக் பங்லிமா காராங் தாண்டி ஓர் ஆலையில் குலை சும்மா கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். மலாயில் குலைக்குத் ‘தண்டான்’, காலிக்குக் ‘கோசோங்’. "தண்டான் கோசோங்" என்று நான் சொன்னதுதான் தாமதம், அடுப்படியிலிருந்து உங்கள் அக்கா உஷாராணி, "தண்டமும் கோசோங்கும் வீட்டுலயே ஒன்னு உக்காந்திருக்கே, வெளியில வேற சொல்லி வாங்கணுமா?" என்றாள். அதைக் காதில் வாங்காமல், பத்துக் குலை வேண்டும் என்பதற்கு "செபுலோ" என்றேன். அந்தப் பக்கத்து மலாய்ப் பெண் எவ்வளவு என்று மறுபடி கேட்டார். கூட அனுப்பிவிடப் போகிறார்களே என்ற பயத்தில், நம் வாய்ப் பழக்கம், "செபுலோதான்!" என்று அழுத்தினேன். "செபுலோ தான்?" என்றார். அடடா, தமிழ்கூடத் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போய், "ஆமா லா, தான், தான்!" என்றேன். மலாயில் ‘தான்’ என்றால் டன் என்பது, லோரி வந்து பின்பக்கத்தைத் தூக்கிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இது உங்கள் அக்காவுக்குத் தெரியாது. ஆலைக்காரர்களுக்குக் காது மந்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பத்து டன், மச்சான்! போர்ச் நிறைந்து, கேட் நிறைந்து, ரோட்டிலும் பாதி நிறைந்தது. மைவி கார் உள்ளே இருக்கிறது, ஒரு பக்கக் கண்ணாடி மட்டும் தெரிகிறது. வந்ததை வீணாக்கக் கூடாதென்று அடுப்புக் கட்டி செய்ய நாரைப் பிய்த்து உங்க அக்கா மிக்ஸியில போட்டேன், மிக்ஸி போச்சு. சரி, மின்சாரம் அப்புறம் வரட்டும், முதல்ல நெருப்பு வருதான்னு பார்ப்போம்னு நாலு குலையைக் கொளுத்தினேன், எரியல, புகைஞ்சுது, பக்கத்து வீட்டு நல்லம்மாள் ஆன்டி காயப்போட்ட துணியெல்லாம் கருவாடா நாறுதுன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திட்டாங்க. அப்புறம் மழை, மழைக்கப்புறம் வண்டு. தனேஷ் தம்பிக்குப் போன் போட்டா, "அங்கிள், அது அட்வான்ஸ் கோர்ஸ்ல வரும்"ங்கறார்.

இன்றோடு பதினெட்டு நாள். உங்கள் அக்கா பெட்டியைக் கட்டி ஹாலில் வைத்துவிட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள அது போகணும், இல்ல நான் என் தம்பி வீட்டுக்குப் போகணும்" என்கிறாள். சிரிக்கச் சிரிக்க எழுதுகிறேனே தவிர, எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பத்து நாலு வருஷத்தில் அவள் திட்டாத நாள் இல்லை, பெட்டி கட்டிய நாளும் இல்லை. அவள் இல்லாத வீட்டில் நானும் அந்தச் சுவர்க் கடிகாரமும் என்ன செய்வோம்? தயவுசெய்து வெள்ளிக்குள் தெரிந்த லோரி எதையாவது அனுப்பி இதை அள்ளிப்போகச் சொல்லுங்கள். அதற்கு முன் அவள் அங்கே வந்து நின்றால் கதவைத் திறக்காதீர்கள்.

உங்கள் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நன்றாகப் படிக்கட்டும், இலவசக் கருத்தரங்குக்கு மட்டும் போக வேண்டாம்.

இன்னும் உங்கள் அத்தானாகவே இருக்கும்,
ரெங்கசாமி

பி.கு.: வியாழன் காலை. லோரி வேண்டாம்! தபால்தலை வாங்க மறந்து கடிதம் மேசையிலேயே கிடந்தது. நேற்று மழை விட்டதும் பார்த்தால் குவியல் முழுக்கக் காளான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நல்லம்மாள் ஆன்டி, "ஐயோ, செம்பனைக் காளான் லா! சின்ன வயசுல சாப்பிட்டது!" என்று கத்தியதையெல்லாம் மறந்து கூடையோடு ஓடிவந்தார். உங்கள் அக்கா மிளகு போட்டுப் பிரட்டினாள். இன்று காலை கேட்டில் ஏழு வீட்டு ஆட்கள் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். பெட்டி மறுபடி பீரோமேல் ஏறிவிட்டது. என் தட்டில் இரண்டாம் தடவை வைத்துக்கொண்டே, "தண்டம்னாலும் உருப்படியான தண்டம்" என்றாள். எனக்கு அது போதும், மச்சான்.

ஆனால் இதை எழுதும்போதே அவள் ஆலைக்குப் போன் செய்துகொண்டிருக்கிறாள். அடுத்த காளானுக்குப் புதுக் குலை இருபதே இருபது போதுமாம். காது மந்தமானவர்கள் என்று நான் சொல்லிவைத்ததால் அடித்தொண்டையில் கத்துகிறாள்: "துவாபுலோதான்! கேக்குதா? துவாபுலோ தான், தான், தான்!"

நான் எழுந்து ஓடுவதற்குள் போனை வைத்துவிட்டாள். உங்கள் வீட்டில் ஓர் அறையைத் தயாராக வைக்கவும். இரண்டு பேரும் வருகிறோம்.