செத்துப்போன செவலை

வெள்ளம் வடிந்த மறுநாள், இனிமேல் இந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம் என்று முடிவு செய்தேன். மனைவி அப்போது பக்கத்தில் இல்லை.

நாலு மாடு வைத்திருந்தோம். மூன்று, கட்டிய கயிற்றோடு கொட்டகையிலேயே மூழ்கிவிட்டன. போய் அவிழ்த்துவிட முடியாத தண்ணீர். அவை கத்தியதைக் கூரைமேல் உட்கார்ந்து கேட்டோம். பிறகு கத்தவில்லை. செவலை மட்டும் முளையைப் பிடுங்கிக்கொண்டு மேட்டுக்கு நீந்திவிட்டது. அதன் கன்று போய்விட்டது. குழி தோண்டிப் புதைத்தபோது நான் அழுதேன். அதில் பொய் எதுவும் இல்லை. பொய் அடுத்த வாரம்தான் ஆரம்பித்தது.

செத்த மாட்டுக்கு அரசாங்கம் நிவாரணம் தருகிறது என்றார்கள். மாட்டின் காதில் குத்தியிருந்த மஞ்சள் வில்லையைக் காட்ட வேண்டும். வில்லை இல்லாத மாடு, அரசாங்கத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் கொழுந்தியாளுக்கு அப்படித்தான் ஆயிற்று. மாட்டுக்கு வலிக்குமே என்று வில்லை குத்தாமல் விட்டவள். இருந்த இரண்டு மாடும் போயின. ஒரு பைசா கிடையாது. கைக்குழந்தை வேறு.

எனக்கு மூளை வேலை செய்தது. அபூர்வமாகத்தான் செய்யும். உயிரோடு இருக்கும் செவலைக்கும் நிவாரணம் வாங்கிவிட்டு, அப்புறம் வியாபாரியிடம் விற்றுவிடலாமே. மனைவியிடம் சொல்லிவிட்டு, வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"செவலையை எங்க மறைப்பீங்க?"

"அதான் யோசிக்கிறேன்."

"தங்கச்சி கொட்டகை காலியாத்தான் கிடக்கு. ஆனா மாட்டு டாக்டர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும். எனக்குப் பொய் வராது."

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் யோசனைக்குத் தலையாட்டியதே கிடையாது.

ராத்திரியோடு ராத்திரியாகச் செவலையின் காது வில்லையைக் கழற்றிவிட்டு, கொழுந்தியா கொட்டகையில் கொண்டுபோய்க் கட்டினோம். மாட்டு டாக்டர் வந்தார். நாலு வில்லையையும் அவர் கையில் வைத்தேன். குழியைத் தோண்டச் சொல்லவில்லை, நாற்றம் அப்படி. செவலை எப்படிச் செத்தது என்று கேட்டார். கன்றைத் தேடிப் போய் மூழ்கியது என்றேன். சொல்லும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. அக்கம்பக்கத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நாலும் செத்ததாகக் கையெழுத்துப் போட்டேன். மனைவி குனிந்த தலை நிமிரவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

பணம் வந்தது. வியாபாரியைக் கூட்டிக்கொண்டு கொழுந்தியா வீட்டுக்குப் போனேன். மனைவியும் வந்தாள். செவலை சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு நின்றது. காதில் புத்தம்புது வில்லை.

"என்னடி இது?"

"அது தங்கச்சி மாடு. அவ பேர்ல வில்லை குத்தியாச்சு."

"இது நம்ம செவலை!"

"நம்ம செவலைதான் செத்துப்போச்சே. நீங்கதானே அழுதுகிட்டே கையெழுத்துப் போட்டீங்க? இல்லைன்னா வாங்க, டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடலாம். நானும் கூட வரேன்."

வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உள்ளே குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. கொழுந்தியா ஒரு டம்ளரை நீட்டி, குடிங்க மாமா என்றாள். வாங்கிக் குடித்தேன்.

செத்த மாட்டின் பால் நல்ல கெட்டியாகத்தான் இருந்தது.