அப்பாவைத் தூக்க வந்த ஹார்பர் கேங்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நிர்வாகத் திறமையைக் காட்டினேன். அன்று எங்கள் அப்பாவைச் சாக்குப் படுதாவில் கட்டித் தெருவோரம் இறக்கி வைத்துவிட்டு நான்கு பேர் டீ குடிக்கப் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தப் பொறுப்பையும் என்னை நம்பி யாரும் கொடுப்பதில்லை. (கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள்.)

எழுபதுகள். தூத்துக்குடிக்குப் புதுத் துறைமுகம் வந்த புதிது. மில்லர்புரத்தில் ஒரு வாடகை வீட்டில் அப்பாவும் நானும் இருந்தோம். அம்மா இல்லை. அண்ணன் சாம் மெட்ராசில் வேலையில் இருந்தான். நான் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். அப்பா ஒரு கப்பல் கம்பெனியில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பலில் இருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையையும் வெயிலில் நின்று எண்ணி எண்ணி, வீட்டில் இட்லியைக்கூட எண்ணித்தான் சாப்பிடுவார்.

ஒரு நாள் காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவர் கையிலிருந்து ரேஸர் விழுந்தது. பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. "ம்" என்ற ஒரு சத்தம் மட்டும் மிச்சம். பசித்தாலும் "ம்", கோபம் வந்தாலும் "ம்", என்னைப் பார்த்து அழும்போதும் அதே "ம்"தான்.

நான் லீவு போட்டேன். லீவு தீர்ந்ததும் சம்பளமில்லாத லீவு. அவரைப் புரட்ட எனக்குத் தெம்பில்லை. மகள் தன்னைக் குளிப்பாட்டுவதை அவரால் தாங்க முடியவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொள்வார், நானும் மூடிக்கொள்வேன். (கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் குளிப்பாட்டினால் சோப்பு எங்கெங்கே போகும் என்பதை நான் விளக்கப் போவதில்லை.) சிரித்துச் சொல்கிறேனே தவிர, அந்த நாட்களில் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, கர்த்தரே, ஒன்று அவரை எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்ளும் என்று அழுதிருக்கிறேன்.

அண்ணன் வந்து பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னான்.

"கிரேஸ், ஸ்கூல் தொறக்கதுக்குள்ள பாத்துக்க ஒரு ஆளு ஏற்பாடு பண்ணு. நான் வந்து பாப்பேன். சரியில்லேன்னா அப்பாவ மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

மெட்ராஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவின் இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. அண்ணன் போய் வெகுநேரம் ஆன பிறகும் பிடி விடவில்லை. விரல் விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். அவருக்கு இந்த ஊரை விட்டுப் போக மனமில்லை என்பது அந்த ஒரு கையில் தெரிந்தது.

முதல் யோசனை ஞானம் அத்தையுடையது. அப்பாவின் தங்கை, நாசரேத்தில் இருந்தாள். விஷயம் தெரிந்ததும் ஆலந்தலையில் இருந்து ஒரு பெண்ணைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பெயர் வியாகுலம். நல்ல வாட்டசாட்டம். கடல் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் "ஸ்தோத்திரம் டீச்சரம்மா" என்றதும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்.

நான் பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் மாதிரி கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

"இதுக்கு முன்னால யாரையாவது பாத்திருக்கியளா?"

"பாக்காம? எங்க மாமனாரு. பொறவு எங்க வீட்டுக்காரரு. ரெண்டு பேரும் எங்கையிலதான் செத்தாவ."

அவள் அதைத் தகுதியாகச் சொன்னாள். எனக்கு அது தேர்ச்சி விகிதம் மாதிரி கேட்டது.

"உங்களுக்கு உடம்பு முடியாமப் போச்சுன்னா?"

"முடியலேன்னா முடியாதுதான். நானும் மனுசிதானே! கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருவேன், அத இப்பமே சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பூசைக்கும் போவேன்."

ஆக, இவளுக்குத் தலைவலி வந்தால் எங்கள் வீடு நின்றுவிடும். ஒற்றை ஆளை நம்பி ஒரு குடும்பம் இருப்பதாவது! யோசித்துச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பினேன். அத்தை வாசலில் நின்று பல்லைக் கடித்தாள்.

"ஏளா, மனுசிய வேண்டாங்கியே, வானத்துல இருந்து தேவதூதனா எறங்கி வரப் போறான்?"

தேவதூதன் வரவில்லை. தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார்.

அவர் துறைமுகத்துக்கு ஆள் சப்ளை செய்யும் கான்ட்ராக்டர். அப்பாவுக்குப் பழைய பழக்கம். கப்பல் இல்லாத நாட்களில் கையில் இருக்கும் ஆட்களைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல், முடியாதவர்களை வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஏஜென்சி ஒன்றைத் தொடங்கியிருந்தார். அப்பாவைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர், என் கவலையைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டீச்சர், ஒத்த ஆளுன்னா இன்னைக்கு வாரான், நாளைக்கு வரலேம்பான். நம்மகிட்ட அப்பிடி இல்ல. ஒருத்தன் வரலேன்னா அடுத்தவன். கப்பலு நிக்கலாமா? நிக்கப்புடாது. அது மாதிரித்தான் அப்பாவும். நிக்கவே மாட்டாவ."

(அப்பாவால் நிற்க முடியாது என்பதுதானே பிரச்சினையே. அது எனக்கு அப்போது தோன்றவில்லை.) ஷிப்ட், மாற்று ஆள், மேற்பார்வை என்று அவர் அடுக்க அடுக்க எனக்குப் புல்லரித்தது. இதுவல்லவா ஏற்பாடு! படித்தவள் செய்கிற காரியம் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

மறுநாள் காலையில் வாசலில் ஐந்து பேர் நின்றார்கள்.

"எதுக்கு அண்ணாச்சி இத்தன பேரு?"

"ஒத்த ஆளு சொமையத் தொடமாட்டான் டீச்சர். துறைமுகத்துல கேங்குதான் வழக்கம். நாலு பேரு தூக்க, ஒரு மேஸ்திரி சொல்ல."

மேஸ்திரி எதையும் தொடமாட்டார். அவர் வேலை சொல்வது மட்டும்தான். நான்கு பேரும் அப்பாவைப் போர்வையோடு தூக்கினார்கள். இறக்கும்போது மேஸ்திரி கையைத் தாழ்த்தி "அரியா... அரியா..." என்றார். கப்பலில் சரக்கு தூக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்கு 'இறக்கு' என்று சொல்லும் வார்த்தை அது. பறங்கிக்காரன் விட்டுப் போனது என்பார்கள். அதைக் கேட்டதும் அப்பா தலையைத் திருப்பி மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். நான் அதை நோவு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன்.

அண்ணாச்சி சொன்னபடியே ஆள் தவறவில்லை. ஆனால் மேஸ்திரியைத் தவிர, நேற்று வந்தவன் இன்று வரமாட்டான். தினமும் ஒரு புது ஆள் வந்து, "எந்தப் பக்கம் விளங்கல?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்பே விளங்காத கையைப் பிடித்து இழுப்பான். ஒருவனுக்கு இன்னொருவன் எதையும் சொல்லிவிட்டுப் போகமாட்டான். காலையில் ஒருவன் கஞ்சி கொடுத்ததைத் தெரியாமல் அடுத்தவன் வந்து இன்னொரு தடவை கொடுத்தான். வீடெல்லாம் பீடி நாற்றம். பக்கத்து மில்லில் சங்கு ஊதினால் கையில் இருப்பதை அந்த இடத்திலேயே வைத்துவிட்டு டீக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் பாதி முகம் சவரம் செய்த நிலையில் சங்கு ஊதியது. அப்பா அன்று முழுக்க ஒரு கன்னம் வெள்ளையாகவும் ஒரு கன்னம் வழவழப்பாகவும் இருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பரிதாபம் அவருக்காக இல்லை, எனக்காக என்று இப்போது தோன்றுகிறது.

சனிக்கிழமை அண்ணன் வரும் நாள். இந்தக் கோலத்தை அவன் பார்த்தால் அப்பா மெட்ராசுக்குப் போவது நிச்சயம். எனவே நான் ஒரு திட்டம் போட்டேன். எங்கள் வீட்டு வாசற்படி நேராகத் தெருவில் இறங்கும். எதிரே ஒரு வேப்பமரம். அண்ணன் ரிக்‌ஷாவில் வந்து இறங்கும்போது அப்பா அந்த மரத்தடியில், ஈசிசேரில், வெள்ளை வேட்டியில், காற்று வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். படம் பிடித்து மாட்டுகிற மாதிரி.

படி குறுகலானது. நான்கு பேர் சேர்ந்தாற்போல் இறங்க முடியாது. மேஸ்திரி யோசித்தார். உப்பு மூட்டை கட்டும் சாக்குப் படுதாவை விரித்து, அப்பாவை அதில் கிடத்தி, இரண்டு முனையையும் கயிற்றால் கட்டி, நடுவில் ஒரு கம்பைக் கொடுத்தார். தொட்டில் மாதிரி என்று நானும் தலையாட்டினேன். முன்னால் இரண்டு பேர் படியிறங்கினார்கள். பின்னால் இரண்டு பேர் இன்னும் வராந்தாவில் நின்றார்கள். அப்பா நடுவில் தொங்கினார்.

மில் சங்கு ஊதியது.

முன்னால் நின்றவர்கள் பழக்க தோஷத்தில் கம்பைக் கீழே வைத்துவிட்டார்கள். பின்னால் நின்றவர்கள் வைக்கவில்லை. அப்பா தலைகீழாகச் சரியத் தொடங்கினார்.

"தூக்குலே!" என்றார் மேஸ்திரி. "வைலே!" என்றான் முன்னால் நின்றவன். "ஏசுவே!" என்றேன் நான். ஆளுக்கொன்று கத்த, பின்னால் நின்றவர்கள் யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் இன்னும் உயரத் தூக்கினார்கள். சரியாக அந்த நேரத்தில் ரிக்‌ஷாவில் வந்து இறங்கிய அண்ணன், சாக்கைத் தாண்டி என்னிடம் வந்து, "கிரேஸ், அப்பா எங்க?" என்றான்.

சாக்குக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"அரியா! ஏலே... அரியா!"

தெளிவான, கணீரென்ற குரல். கப்பலடியில் நின்று வின்ச்சுக்காரனை அதட்டிய அதே குரல். பின்னால் நின்றவர்கள் மறுபேச்சில்லாமல் நிதானமாக இறக்கினார்கள். அப்பா பூப்போலத் தெருவோரத்தில் வந்து இறங்கினார். வேலை முடிந்த திருப்தியில் நான்கு பேரும் டீக்கடைக்குப் போனார்கள். மேஸ்திரி மட்டும், "பெரியவருக்கு வேல தெரிஞ்சிருக்கு" என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனார்.

நானும் அண்ணனும் தெருவில் மண்டியிட்டு அழுதோம். அப்பா பேசிவிட்டார். சாக்கில் கிடந்தால் என்ன, பேசிவிட்டார்.

ஆனால் அண்ணன் கண்ணைத் துடைத்ததும் முதலில் சொன்னது, "இது வீடா, ஹார்பரா? போதும். அப்பா இன்னைக்கே எங்கூட வாராவ" என்பதுதான். அப்பாவின் வேட்டிகள், பைபிள், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் அடுக்கினேன். ஒருவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கத் துப்பில்லாதவள் என்று என்னையே திட்டிக்கொண்டு அடுக்கினேன்.

சாயங்காலம் அண்ணன் பெட்டியைத் தூக்கினான்.

"அரியா" என்றார் அப்பா.

தன்னைப் படுக்க வைக்கச் சொல்கிறார் என்று நினைத்து நான் தலையணையைச் சரி செய்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது.

"ஏலே, அரியா."

பெட்டியும் கையுமாக நின்ற அண்ணன் அந்தப் பிடியைப் பார்த்தான். பிறகு இறக்கி வைத்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு நான் ஆலந்தலைக்குப் பஸ் ஏறினேன். வியாகுலம் என்னைப் பார்த்ததும், "என்ன டீச்சரம்மா, கேள்வி எதும் பாக்கி இருக்கா?" என்றாள். ஊர் முழுக்கக் கேட்டது. அவள் வந்தாள். திருவிழாவுக்கு ஊருக்குப் போனாள், காய்ச்சலில் படுத்தாள், என்னோடு நாள் தவறாமல் சண்டை போட்டாள், ஆகாது என்று டாக்டர் சொன்ன மக்ரூன் இனிப்பை அப்பாவுக்கு ஒளித்து ஒளித்து ஊட்டினாள். அவள் ஊருக்குப் போன நாட்களில் எங்கள் வீடு நான் பயந்தபடியே நின்றுதான் போயிற்று. ஆனால் விளங்காத கை எது என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தைக்கு மேல் திரும்பவில்லை. என் பெயரைக் கூப்பிடுவார் என்று கடைசி வரை காத்திருந்தேன். கூப்பிடவில்லை. கஞ்சி போதும் என்றால் அரியா. ஜெபம் நீண்டால் அரியா. ஞானம் அத்தை என்னைத் திட்ட ஆரம்பித்தாலும் அரியா. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது தன் பெருமையை அளக்கத் தொடங்கினால், அண்ணனின் பேரப்பிள்ளைகள்கூட "அரியா!" என்று கத்துவார்கள். பெரும்பாலும் அது எனக்குத்தான் கிடைக்கிறது. போன மாதம் எனக்கு முட்டில் ஆபரேஷன் நடந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஏஜென்சியா, தனி ஆளா என்று பேச்சு வந்தபோது, அதை முடிவு செய்கிற பொறுப்பை என்னைத் தவிர மற்ற எல்லாரிடமும் கொடுத்தார்கள்.

அப்பாவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். உறவுக்காரப் பையன்கள் நான்கு பேர் கயிற்றைப் பிடித்துப் பெட்டியைக் குழிக்குள் விட்டார்கள். பழக்கமில்லாத கைகள். கால்மாட்டில் இருந்தவர்கள் விட்டார்கள், தலைமாட்டில் இருந்தவர்கள் விடவில்லை. பெட்டி சரிந்தது. குருவானவர் ஜெபத்தை நிறுத்தினார். அண்ணன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

பெண்களுக்குப் பின்னால் இருந்து வியாகுலத்தின் குரல் வந்தது.

"ஏலே, அரியா!"

அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நான் சிரித்தேன், பிறகு அழுதேன், இரண்டையும் நிறுத்த முடியவில்லை. குருவானவர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். பெட்டி ஒரு பக்கமும் சாயாமல் இறங்கியது.